மேடுபள்ளச் சுவரில் சுவர்ப்படம்: ஒட்டுவதா, மாட்டுவதா?

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒளியைச் சுவர் நெடுக ஓடவிட்டுப் பாருங்கள். பகலில் பளிங்குபோலத் தெரிந்த சுவர் நிலாவின் முகமாக மாறிவிடும். ஆணியைப் பிடுங்கி அடைத்த இடம், பூசும்போது கரணை திரும்பிய இடம், பழைய பெயிண்ட் உரிந்து அதன்மேலேயே புதிய பெயிண்ட் ஏறிய விளிம்பு, எல்லாம் தத்தம் நிழலோடு எழுந்து நிற்கும். ஒளி சுவரோடு 3 பாகைக் கோணத்தில் விழுந்தால், 2 மி.மீ. உயரமுள்ள சின்னப் புடைப்பின் நிழல்கூடக் கிட்டத்தட்ட 4 செ.மீ. நீளும். பக்கவாட்டில் ஜன்னல் உள்ள சுவர்களில் காலையோ மாலையோ வெயில் இதையேதான் செய்கிறது.

என் வீட்டு நடைவழிச் சுவரில் முதன்முதலாகச் சுவர்ப்படம், அதாவது சுவரளவுக்கு அச்சிட்ட பெரிய படம், ஒட்டியபோது நான் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. 4 மீட்டர் நீளச் சுவர், ஒரு கோடியில் ஜன்னல். கடலும் வானமும் சந்திக்கிற படம். பளபளப்பான ஸ்டிக்கர் வினைல். மூலையில் தொடங்கி ஒவ்வொரு பட்டையாக ஒட்டிக்கொண்டே போனேன். முடித்த அன்று மாலை வெயில் சாய்ந்து வந்தது. அமைதியான கடல் முழுக்க அம்மைத் தழும்பு. அதுகூடப் பரவாயில்லை. தொடுவானம் இடக்கோடியில் இருந்ததைவிட வலக்கோடியில் 2 செ.மீ. இறங்கியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால் தலையை லேசாகச் சாய்த்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் நாலைந்து சுவர்களில் கை வைத்திருக்கிறேன். எல்லாரும் படத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, சுவரை அப்புறம் எப்படியாவது சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சுவரைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போனால் பாதித் தலைவலி கிடையாது.

சுவரில் என்ன கோணல்?

'சுவர் சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது சொரசொரப்பு. கையால் தடவினால் தெரியும். மணல் பூச்சு, ரோலர் விட்டுப்போன ஆரஞ்சுத்தோல் புள்ளிகள், திட்டுத்திட்டான பழைய பெயிண்ட். இது ஓரிரண்டு மி.மீ.க்குள் அடங்குகிற விஷயம், எளிதில் தீரும்.

இரண்டாவது அலை. தடவினால் தெரியாது. கண்ணுக்கும் சட்டென்று பிடிபடாது. 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியக் குழாயையோ மட்டப்பலகையையோ சுவரில் வைத்தால்தான் வயிறு எங்கே முட்டுகிறது, முதுகு எங்கே உள்வாங்குகிறது என்று தெரியும். இடைவெளியில் நாணயங்களை அடுக்கி நுழைத்தே அளந்துவிடலாம். ஒரு நாணயம் ஏறக்குறைய ஒன்றரை முதல் 2 மி.மீ. தடிமன். பலகையை நெடுக்காக, படுக்கையாக, மூலைவாட்டாக என்று மூன்று விதமாகவும் வைத்துப் பாருங்கள். 2 மீட்டருக்கு 3 மி.மீ.க்குள் இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. 5, 6 என்று வந்தால் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். 8-ஐத் தாண்டினால் அந்தச் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள் என்பேன்.

ஆனால் உயரம் மட்டும் கணக்கில்லை, எவ்வளவு அகலத்தில் அந்த உயரம் வருகிறது என்பதுதான் முக்கியம். காகிதத்தை உருளையின்மேல் அழகாகச் சுற்றலாம். பந்தின்மேல் சுற்றினால் எங்காவது மடிந்தே தீரும். ஒரு பரப்பை நீட்டாமல் சுருக்காமல் எப்படி வளைத்தாலும் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது என்று கணித மேதை காஸ் 1827-இல் நிறுவியது இதைத்தான். சுவருக்கு வருவோம். ஒரு மீட்டர் அகலத்தில் மெல்ல எழுந்து இறங்கும் 5 மி.மீ. புடைப்பைப் படம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அதே 5 மி.மீ. ஒரு கையகலத்துக்குள் எழுந்தால் சுற்றிலும் சுருக்கம் விழும். அப்படிப்பட்ட மேட்டை இடித்து எடுக்க முடியாதபோது அதைச் சரிவாக்குவதுதான் வழி. சுற்றியுள்ள அரை மீட்டர் வரைக்கும் பட்டியை (பெயிண்டுக்கு முன்னால் சுவரில் பூசும் புட்டி மாவை) இழுத்துவிட்டால் மேடு அதே உயரத்தில்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்கும் காகிதத்துக்கும் தெரியாது.

மூன்றாவது சாய்வு. சுவர் மட்டமாகவே இருக்கலாம். மூலை செங்குத்தாக இருக்காது, கூரைக்கோடு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். என் கடலைக் கவிழ்த்தது இதுதான். மூலை 2.4 மீட்டர் உயரத்தில் 12 மி.மீ. சாய்ந்திருந்தது. நான் முதல் பட்டையை அந்த மூலையோடு சேர்த்து ஒட்டினேன். அடுத்தடுத்த பட்டைகள் முதல் பட்டையைப் பார்த்துத்தானே போகும்? முழுப் படமும் அதே அளவு திரும்பிவிட்டது. 4 மீட்டர் போய்ச் சேரும்போது 20 மி.மீ. சரிவு. இதற்குப் பட்டியும் வேண்டாம், பலகையும் வேண்டாம். ஒரு தூக்குக்குண்டு போதும். பட்டையின் அகலத்தில் ஒன்றிரண்டு செ.மீ. குறைத்து, மூலையிலிருந்து அந்தத் தூரத்தில் குண்டைத் தொங்கவிட்டு, பென்சிலால் ஒரு கோடு. முதல் பட்டையின் வெளி விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். மிச்சம் மூலையைத் தாண்டிப் போகும், கத்தியால் அறுத்துவிடலாம். இதற்காகத்தான் படத்தை ஆர்டர் செய்யும்போது ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 10 செ.மீ. கூடுதலாகச் சொல்ல வேண்டும். சுவரின் அகலத்தையும் உயரத்தையும் ஒரே இடத்தில் அளந்து எழுதிக்கொண்டு போகாதீர்கள். மூன்று மூன்று இடத்தில் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை போக இன்னொன்று இருக்கிறது, கோணலில் சேராது, ஆனால் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்: ஓதமும் உதிர்வும். அரை மீட்டர் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். உட்புறம் வியர்க்கிற சுவரிலும், வெள்ளையாக உப்புப் பூத்த சுவரிலும் எதையும் ஒட்டக்கூடாது. பெயிண்டின் பிடிப்பைப் பார்க்க, கத்தியால் ஒரு பெருக்கல் குறி கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்டும் வந்தால், நாளைக்குப் படத்தோடும் வரும். பசை காயும்போது படத்தை இறுக்கி இழுக்கும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

பட்டி பார்த்து ஒட்டுவது

பெயிண்டரைக் கூப்பிட்டால் முதலில் இந்த யோசனைதான் வரும். கடல் கவிழ்ந்த பிறகு நான் கூப்பிட்டவர், சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கோட்டு பட்டி இழுத்துட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும் சார்" என்றார்.

"அலை போயிடுமாண்ணே?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "அலை போகாது சார். வழவழன்னு இருக்கும்."

நேர்மையான மனிதர். பட்டி சுவரை வழவழப்பாக்கும், மட்டமாக்காது. காரணம் எளிது. பட்டித் தகடு 20, 30 செ.மீ. அகலம்தான் இருக்கும். ஒரு மீட்டர் அகல அலையின்மேல் அது படகுபோல ஏறி இறங்கிப் போகும். ஒரு கோட்டுக்கு ஒரு மி.மீ. சொச்சம், மொத்தம் இரண்டு மூன்று மி.மீ. என்பதுதான் வழக்கமான பட்டியின் எல்லை. அதற்குமேல் அப்பினால் வெடிக்கும். உண்மையாகவே மட்டமாக்க வேண்டுமென்றால் ஜிப்சம் பூச்சோ சிமெண்ட் பூச்சோ போட்டு, நீண்ட மட்டப்பலகையால் வழிக்க வேண்டும். அது கொத்தனார் வேலை. சிமெண்ட் பூச்சு என்றால் ஆறுவதற்கே ஒரு மாதம் விட வேண்டும்.

ஆகவே, சொரசொரப்புக்கும் சின்னச் சின்னக் குழிகளுக்கும் பட்டி நல்ல வழி. அலைக்கு ஆகாது. தூசியையும் மறந்துவிடாதீர்கள். உப்புத்தாள் தேய்த்த மாவு மூன்று அறை தாண்டியும் பறக்கும், மறுவாரம் அலமாரியைத் திறந்தாலும் இருக்கும். அதைச் சரியாகத் துடைக்காமல் ஒட்டினால் படம் சுவரில் ஒட்டாது, மாவில்தான் ஒட்டும். தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பிரைமர் ஒரு கோட்டு. பிரைமர் இல்லாத பட்டி, பசையின் ஈரத்தை ஒரே மூச்சில் குடித்துவிடும். பட்டையை நகர்த்திப் பொருத்த உங்களுக்கு நேரமே இருக்காது. பிரைமர் வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும். சொட்டு முத்தாக நின்றால் சரி. உடனே கறுத்து உள்ளே இறங்கினால் இன்னொரு கோட்டு.

வாடகை வீட்டில் இது பொதுவாக வேலைக்காகாது. சொந்த வீட்டில், வேறு காரணத்துக்காகப் பெயிண்ட் அடிக்கும்போது இதையும் சேர்த்துச் செய்துகொண்டால் பெரிய சுமையாக இருக்காது.

லைனிங் பேப்பர் என்னும் நடுவழி

பலருக்கு இது தெரிவதே இல்லை. அச்சு எதுவும் இல்லாத தடிமனான வெற்றுத்தாள். முதலில் அதைச் சுவர் முழுக்க ஒட்டி, காயவிட்டு, அதன்மேல் படத்தை ஒட்டுவது. சேலைக்குப் பாவாடை மாதிரி. 800-இலிருந்து 2000 வரை பல தடிமன் எண்களில் வருகிறது, எண் கூடினால் தடிமனும் கூடும். நாரால் ஆன நான்-வோவன் ரகமும் உண்டு. மேடுபள்ளச் சுவருக்கு நான் அதைத்தான் விரும்புவேன், ஏனென்றால் ஈரத்தில் விரியாது.

இந்தத் தாளைப் படுக்கைவாட்டில் ஒட்ட வேண்டும். படத்தின் பட்டைகள் நெடுக்காக வருவதால், அடித்தாளின் மூட்டும் மேல்படத்தின் மூட்டும் ஒன்றின்மேல் ஒன்று நீளவாக்கில் விழாமல் தப்பும். தாளும் தாளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, விளிம்போடு விளிம்பு முட்ட வேண்டும். ஏறினால் அந்த வரி மேலே படத்தில் தழும்பாகத் தெரியும். முட்டாமல் ஒரு மி.மீ. இடைவெளி விழுந்துவிட்டால் பயமில்லை, கொஞ்சம் பட்டி தடவிச் சமன் செய்துவிடலாம். ஒரு முழு நாளாவது காய வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஆங்காங்கே உப்பிக்கொண்டு நிற்கும். முதல்முறை அதைப் பார்த்துப் பதறி, ஊசியால் குத்தி, கத்தியால் கீறி, கெடுத்துவைத்தேன். காய்ந்ததும் பெரும்பாலானவை தானாகவே இறுகிக்கொள்ளும்.

மயிரிழை விரிசல், மணல் சொரசொரப்பு, அங்கங்கே ஈரத்தை வேறு வேறு வேகத்தில் உறிஞ்சும் ஒட்டுப்போட்ட சுவர்: இவற்றுக்கு லைனிங் பேப்பர் பட்டியைவிடச் சுலபம், தூசியும் கிடையாது. விரிசல் மறுபடி லேசாக அசைந்தாலும் தாள் அதைத் தாங்கிக்கொள்ளும். பட்டியாக இருந்தால் அதே கோட்டில் திரும்ப வெடிக்கும். ஆனால் அரிசியளவுக்கு மேற்பட்ட மேடு எதையும் இது மறைக்காது. துருத்திக்கொண்டிருப்பவற்றை முதலில் சுரண்டித் தள்ளிவிட வேண்டும். அலையைப் பொறுத்தவரை இதுவும் பட்டி மாதிரிதான், அலையின்மேலேயே படுத்துக்கொள்ளும். இரண்டு தாள், இரண்டு நாள், இரண்டு முறை பசை. வேலை இரட்டிப்பு என்பதை மறைக்க விரும்பவில்லை. சுமாரான சுவருக்கு அந்த உழைப்பு வீண் போகாது என்பது என் எண்ணம்.

படத்தின் ரகம்

ஒட்டுவது என்று முடிவானால் எதை ஒட்டுவது? மூன்று ரகம் கிடைக்கும். அவற்றில் அதிகம் ஆசைகாட்டுவது ஸ்டிக்கர் வினைல். பசை கலக்க வேண்டாம், பின்தாளை உரித்து ஒட்டினால் முடிந்தது, பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம் என்பார்கள். மட்டமான, நன்கு பெயிண்ட் அடித்த சுவரில் அது உண்மைதான். சொரசொரப்பான சுவரில் அதன் பசை மேடுகளின் உச்சியை மட்டுமே தொடும். அதாவது பாதிக்கும் குறைவான இடத்தில்தான் பிடிப்பு. சில வாரங்களில் விளிம்பு எழும், எழுந்த இடத்தில் தூசி புகும், தூசி ஒட்டிய பசை மறுபடி ஒட்டாது. உரிக்கும்போது பெயிண்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருவது தனிக்கதை. புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரானால் மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும், பெயிண்டிலிருந்து வெளியேறும் ஆவி உள்ளே மாட்டிக்கொண்டால் கொப்புளம் போடும். செங்கல் சுவரில்கூட ஒட்டுகிற மெல்லிய வினைல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் பொய்யில்லை; அது சூடான காற்றை ஊதும் கருவியால் இளக்கி, உருளையால் அழுத்தி, சுவரின் ஒவ்வொரு குழியிலும் இறக்குகிற தொழில்முறை வேலை. செங்கல்லின் மேடுபள்ளத்தை அது மறைக்காது, அப்படியே காட்டும். அதுதான் வேண்டும் என்றால் அழகாகத்தான் இருக்கும்.

பழைய காலத்துக் காகித ரகம், பசை தடவியதும் ஊறி அகலத்தில் சில மி.மீ. விரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரே நேரம் ஊற வேண்டும். ஒன்று 5 நிமிடம், இன்னொன்று 10 நிமிடம் ஊறினால் படத்தின் கிளைகள் மூட்டில் ஒன்று சேராது. காயும்போது மறுபடி சுருங்கி, பள்ளங்களின் குறுக்கே பறைத்தோல் மாதிரி இறுகி நிற்கும். மேடுபள்ளச் சுவரில் இதற்கு நான் வோட்டுப் போடமாட்டேன்.

மிஞ்சுவது நான்-வோவன். காகித நாரும் செயற்கை நாரும் கலந்தது; ஈரத்தில் ஏறக்குறைய விரியாது, சுருங்காது. பசையைச் சுவரிலேயே தடவி, உலர்ந்த பட்டையை மேலிருந்து இறக்கலாம். சரியாக வராவிட்டால் எடுத்து மறுபடி வைக்கலாம். கொஞ்சம் தடிமன் இருப்பதால் சின்னச் சொரசொரப்பை விழுங்கிக்கொள்ளும். மங்கலான பரப்பு, பளபளப்பு இல்லாததே இங்கே பெரிய வரம். பின்னாளில் எடுக்கும்போதும் பெரும்பாலும் முழுப் பட்டையாகக் காய்ந்தபடியே உரிந்து வரும். ஒட்டுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை: நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கடினமான பிளாஸ்டிக் தகட்டால் அழுத்தித் தேய்த்தால், சுவரில் இருக்கும் ஒவ்வொரு மணலும் படத்தின்மேல் பொட்டாக எழும்பி, அச்சு மையும் அங்கே தேயும்.

பட்டையின் அகலம் பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டே இல்லாமல் முழுச் சுவருக்கும் ஒரே துண்டாகக் கிடைக்கும்போது யாருக்கும் ஆசை வரும். அலையுள்ள சுவரில் அது வினை. ஒரு பக்கத்துச் சுருக்கத்தைத் தள்ளித் தள்ளி மறுகோடிக்குக் கொண்டுபோவீர்கள், அங்கே அது மடிப்பாக நிற்கும். அரை மீட்டர், முக்கால் மீட்டர்ப் பட்டைகளானால் ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். அலை உச்சிகளில் மூட்டு லேசாக விலகி, பின்னால் வெள்ளைச் சுவர் நூலாக எட்டிப்பார்க்கும். அதற்கு ஒரு தந்திரம்: மூட்டு விழப்போகும் இடங்களில் முன்கூட்டியே, படத்தின் பொதுநிறத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் கோடு இழுத்துக் காயவைத்துவிடுங்கள். பிறகு யார் கண்ணிலும் படாது.

ஒட்டாமல் மாட்டுவது

சுவரோடு சண்டை போடாமல் விலகி நிற்பது பழைய யோசனைதான். ஈரமும் உப்புக்காற்றும் நிறைந்த வெனிஸ் நகரத்தில் ஈரச்சுண்ணத்தில் தீட்டிய சுவரோவியங்கள் நிலைக்கவில்லை. அங்கே ஓவியர்கள் சுவரளவு பெரிய கித்தான் துணியில் வரைந்து மாட்டத் தொடங்கினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் தின்தொரெத்தோ தீட்டிய பிரம்மாண்டமான படங்கள் அப்படித் துணியில் வந்தவை. பிறகு, துணியில் வரைந்ததைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டும் முறையும் பரவியது. பிரெஞ்சு ஓவியர் ப்யூவி த ஷவான் 1890-களில் பாஸ்டன் பொது நூலகத்துக்கு வரைந்த சுவரோவியங்கள் பிரான்ஸில் வரையப்பட்டு, கப்பலேறிப் போய் ஒட்டப்பட்டவை.

இன்று இதையே செய்ய மூன்று வழி. எளியது மேலே ஒரு தடி, கீழே ஒரு தடி, நடுவில் அச்சிட்ட துணி. அந்தக் காலத்தில் கற்சுவர்களில் திரைச்சித்திரம், அதாவது படம் நெய்த துணி, தொங்கவிட்டதும் ஏறக்குறைய இப்படித்தான். வாடகை வீட்டுக்கு நல்லது. காற்றில் லேசாக ஆடும், கீழ்த்தடி கனமாக இல்லாவிட்டால் ஓரம் சுருளும். சுவர் முழுக்கப் படம் என்ற உணர்வு மட்டும் வராது.

இரண்டாவது, சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான், அல்லது அலுமினியச் சட்டத்தின் காடியில் துணியின் ரப்பர் விளிம்பைச் செருகி இறுக்கும் முறை. துணி முரசுத்தோலாக நிற்பதால் பின்னால் சுவர் எப்படியிருந்தாலும் படம் மட்டமாகவே தெரியும். சிக்கல் ஓரத்தில் வரும். நேரான சட்டத்தை அலையுள்ள சுவரில் அப்படியே அழுத்தி மாட்டினால், ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, இன்னோரிடத்தில் 6 மி.மீ. விலகி, சுவரின் கோணலைக் கோடு போட்டுக் காட்டிவிடும். அதனால் சட்டத்தை வேண்டுமென்றே சுவரிலிருந்து 15 மி.மீ. தள்ளி நிறுத்த வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரு நிழல் இடைவெளி விழும். 15-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் பிடிக்காது, 0-வுக்கும் 5-க்கும் உள்ளதை உடனே பிடித்துவிடும்.

மூன்றாவது, சுவரில் ரீப்பர் கட்டைகளை அடித்து, பள்ளமான இடங்களில் சக்கை வைத்து மட்டம் பிடித்து, அதன்மேல் பிளைவுட்டோ ஜிப்சம் பலகையோ பொருத்தி, அதில் படத்தை ஒட்டுவது. முடிவு கச்சிதமாக இருக்கும். அறையில் 3 முதல் 5 செ.மீ. போகும், ஸ்விட்ச் பெட்டிகளை முன்னால் இழுக்க வேண்டும், கதவுச் சட்டம் உள்வாங்கியதுபோல ஆகும். ஓதச் சுவரை மறைக்க இதைச் செய்பவர்கள் உண்டு. ஈரம் எங்கும் போவதில்லை, பலகைக்குப் பின்னால் இருட்டில் பூஞ்சை வளர்த்துக்கொண்டிருக்கும். ஓதத்துக்குக் காரணமான கசிவை அடைத்துவிட்டு, சுவர் காய்ந்த பிறகு செய்தால் சரி.

சட்டமோ பலகையோ, சுவர்ப்பூச்சு பலமாக இருக்கிறதா என்று விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டியதுபோல ஒலித்தால் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அங்கே திருகாணி நிற்காது.

படம் செய்கிற உதவி

அடர்ந்த காடு, இலைக்கொத்து, மேகம், நீர்வண்ணக் கசிவு போன்ற படங்களில் நேர்கோடே கிடையாது. ஒரு புடைப்பின் நிழல் விழுந்தால் அது இன்னொரு இலையாகிவிடும். மாறாக, கோடுகள், கட்டங்கள், செங்கல் அச்சு, கட்டடங்கள், பெரிய வெற்று வானம், தொடுவானம்: இவையெல்லாம் சுவரைக் காட்டிக்கொடுக்கும் படங்கள். செங்கல் அச்சு மேடுபள்ளச் சுவருக்குப் பொருந்தும் என்று தோன்றும். அதன் படுக்கைக் கோடுகள் கூரைக்கோட்டோடு சேராமல் போவதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லமாட்டீர்கள். நடுத்தர நிறம், மங்கலான பரப்பு, சின்னச் சின்ன விவரங்கள்: 5 மி.மீ. அலைவரைக்கும் இந்த மூன்றும் சேர்ந்து, பட்டியால் ஆகாத வேலையைச் செய்துவிடும்.

முழுப் படத்தையும் ஆர்டர் செய்யும் முன்னால் அதே தாளில் ஒரு மாதிரித் துண்டு வாங்கி, சுவரின் மிக மோசமான இடத்தில் ஒட்டி, ஒரு வாரம் விட்டு, மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல இடத்தில் ஒட்டிப் பார்த்துத் திருப்திப்படுவது மனித இயல்பு. அதனால்தான் மோசமான இடம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இன்று யாராவது கேட்டால் என் கை தானாகப் போவது லைனிங் பேப்பர், அதன்மேல் மங்கலான நான்-வோவன், காட்டுப் படம் என்ற கூட்டணிக்குத்தான். சொரசொரப்புள்ள, ஓரளவு அலையுள்ள, காய்ந்த, சொந்தச் சுவருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. வாடகைச் சுவர், பெயிண்ட் உதிரும் சுவர், பலகை வைத்தால் 8 மி.மீ. உள்ளே போகும் சுவர் என்றால் மாட்டுவது. ஓதம் தெரிந்தால் அதைத் தீர்க்கும்வரை எதுவும் கிடையாது. ஸ்டிக்கர் வினைலை அலமாரிக் கதவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த நடைவழிச் சுவரில் கடலை உரித்தபோது கால்வாசிப் பெயிண்டும் கூடவே வந்தது. பலகை வைத்து அளந்ததில் நடுவில் 9 மி.மீ. வயிறு. என் சொந்த விதிப்படியே அங்கே ஒட்ட முடியாது. மறுபடி கடல்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். ஆகவே படத்தை மூன்றாகப் பிரித்து, மூன்று சட்டங்களில் இழுத்துக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டினேன். லேசர் கோடு போட்டுத் தொடுவானத்தை மூன்றிலும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர அரை நாள் ஆனது. ஓரச் சட்டங்களுக்குப் பின்னால் 20 மி.மீ. கட்டை, நடுச் சட்டத்துக்குப் பின்னால் 11 மி.மீ. கட்டை. முன்னால் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே தளத்தில் இருக்கும். சுவரோடு கன்னத்தை ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் நடுச் சட்டத்தின் நிழல் கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும்.